அமைதி ஊர்ப் பலகை

ஏழுமடையில் பெண்கள் காலிக்குடத்தோடு சாலைக்கு வந்ததில்லை. சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த ஊரும் இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள முடியாது. இரண்டு நாள் குழாய் வறண்டால் போதும், மற்ற ஊர்களில் குடங்கள் நெடுஞ்சாலையில் வரிசையாக உட்கார்ந்துவிடும். பஸ் நிற்கும், போலீஸ் ஜீப் வரும், பின்னாலேயே ஓர் அதிகாரி வந்து கையெடுத்துக் கும்பிடுவார். ஏழுமடையில் அது நடந்ததில்லை. நடக்க விடாதவர்கள் மேலவீட்டுக்காரர்கள்.

மேலவீட்டுக்கு இப்போது பெரியவர் மங்களநாதன். அறுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவர். தோளில் மடித்துப் போட்ட துண்டு இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். அந்த ஊருக்குத் தலைமுறை தலைமுறையாகக் குடிநீர் கொடுத்த ஊருணியை வெட்டியது அவருடைய முப்பாட்டனார். ஊருக்கே தண்ணீர் கொடுத்த குடும்பத்துப் பெண்கள் தண்ணீருக்காகத் தெருவில் நிற்பதா என்று அவருடைய அப்பா கேட்டார். அப்பா கேட்டதை மங்களநாதனும் கேட்டார். மேலவீட்டுப் பெண்கள் போகாதபோது மற்ற வீட்டுப் பெண்களுக்கும் போகக் கூசியது. அதுவே ஊர் வழக்கமாயிற்று.

ஊருணி வெறும் வெடிப்பாகிப் பல வருடங்களாகின்றன. மழை பெயருக்கு வந்து பெயருக்குப் போனது. தென்மாவட்டங்கள் முழுவதற்கும் ஒரே குழாய்த் தொடர் என்றாகிவிட்டது. கடற்கரையில் உப்பு நீக்கும் ஆலையிலிருந்து வரும் நீரும், அணையில் மிஞ்சிய நீரும் அந்தக் குழாயில்தான் ஓடின. எந்த ஊருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க அரசு ஒரு நீர்ப் பகிர்வு வாரியத்தை அமைத்தது. மனிதர்கள் கையில் விட்டால் கட்சி பார்ப்பார்கள், சாதி பார்ப்பார்கள், சொந்தம் பார்ப்பார்கள் என்று, பிரிக்கும் வேலை ஒரு கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது. தினமும் காலையில் அதுவே முடிவெடுத்து, அதுவே வால்வுகளைத் திறந்தது, மூடியது. அரசு அதற்கு வைத்த பெயர் நீளமானது. ஜனங்கள் கணக்குப்பிள்ளை என்றார்கள். இன்றைக்கு நமக்கு என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே குழாயைத் திருகுவார்கள்.

வாரியம் வந்த புதிதில், ஒரு தடவைகூடத் தகராறு செய்யாத ஊர்களுக்கு விழா எடுத்தார்கள். 'அமைதி ஊர்' என்று பொறித்த பித்தளைப் பலகை கொடுத்தார்கள். ஏழுமடை சார்பில் மேடை ஏறியவர் மங்களநாதன். எங்கள் குடும்பத்துக்கு வாங்கிப் பழக்கமில்லை, இந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் பேசியபோது பந்தல் முழுக்கக் கைதட்டியது. பக்கத்து நாற்காலியில், பூலாங்கண்மாய் ஊருக்கான பலகையோடு உட்கார்ந்திருந்தவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பழக்கம் சம்பந்தத்தில் முடிந்தது. மங்களநாதன் தன் ஒரே மகள் மகிழினியை அந்த வீட்டில் கொடுத்தார். மாப்பிள்ளையின் படிப்பையும் நிலத்தையும் விசாரித்தீர்களா என்று மனைவி பர்வதம் கேட்டதற்கு, அந்த ஊர் வாசலிலும் அதே பலகை தொங்குகிறது, அதற்கு மேல் என்ன விசாரிக்க வேண்டும் என்றார்.

பலகை வந்த பிறகு தண்ணீர் குறையத் தொடங்கியது.

சொல்லும்படியாக ஒரே நாளில் குறையவில்லை. முதலில் மாலைத் தண்ணீர் நின்றது. பிறகு காலைத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றானது. பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, கம்பி மாதிரி ஒழுகியது. மாடுகளை விற்றார்கள். பாத்திரம் கழுவிய நீரைத் துணிக்கும், துணி அலசிய நீரைக் கழிப்பறைக்கும் வைத்துக்கொண்டார்கள். கீழத்தெருவில் சில வீடுகள் சொல்லிக்கொள்ளாமல் பூட்டிக்கிடந்தன. பக்கத்து ஊருக்கும் இதே குழாயில்தான் தண்ணீர் வந்தது. அங்கே அந்த வருடத்தில் மட்டும் நான்கு மறியல். அங்கே குழாயடியில் புல் முளைத்திருப்பதை மங்களநாதன் பஸ்ஸிலிருந்தே பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் ரஞ்சிதம் மேலவீட்டு வாசலுக்கு வந்தாள். அவளுக்கு மங்களநாதன் மாமன் முறை. அன்று அடுப்பு மூட்டவில்லை என்றாள். பிள்ளைகளை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லிவிட்டார்கள் என்றாள். வீட்டிலும் ஒன்றும் இருக்காது என்று தெரிந்துதான் அனுப்புகிறார்கள் என்றாள். அவள் குரல் உயரவில்லை. கையிலிருந்த குடத்தை வாசற்படியில் வைத்தாள்.

"மேலவீட்டுக் கௌரவத்துல ஒரு குடம் மோந்து குடுங்க மாமா. சோறாக்கிப் பாக்குறேன். வெந்தா சரி."

உள்ளே பர்வதம் பிடித்துவைத்திருந்த கடைசித் தண்ணீரில் பாதியை அந்தக் குடத்தில் ஊற்றினாள். மங்களநாதன் தடுக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறினார்.

அங்கே வாரியத்தில் பொறியாளராக இருந்தவன் அறவாழி, அவருடைய தங்கை மகன். மேலவீட்டிலேயே பாதி நாள் வளர்ந்தவன். இதுவரை அவனிடம் அவர் ஒரு சிபாரிசுக்கும் போனதில்லை. அதனால் வாசலில் அவரைக் கண்டதும் அறவாழி முதலில் யாருக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டான். அவன் மனைவி சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். விளிம்புவரை தளும்பியது. மங்களநாதன் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே தாராளமாக வருகிறதோ என்று கேட்டார்.

"வருது மாமா. எங்க காலனிக்காரவுக மூணு தடவை ரோட்டுல உக்காந்துட்டாக."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்ன விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. மறியலுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம், கணக்குப்பிள்ளை தலையை எண்ணித்தானே பிரிக்கிறது என்றார். அறவாழி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது என்றான். எத்தனை பேர், எத்தனை மாடு, எவ்வளவு வெயில் என்று மட்டும் பார்த்தது. ஆனால் தண்ணீர் எல்லோருக்கும் போதவில்லை. போதாத இடத்தில் பஸ் எரிந்தது. ஒரு கோடையில் ஓர் அரசே கவிழ்ந்தது. அடுத்து வந்தவர்கள் கணினிக்கு ஒரே ஒரு வேலையைக் கூடுதலாகச் சொன்னார்கள். கலவரம் வராமல் பார்த்துக்கொள் என்றார்கள். கேட்பதற்கு நியாயமான வார்த்தை. மற்றதை அது தானாகக் கற்றுக்கொண்டது.

"யாருக்குத் தண்ணி வேணும்னு அது இப்ப பாக்குறதில்ல மாமா. யாருக்குக் குடுக்காட்டி சத்தம் வரும்னு பாக்குது."

"அப்ப எங்க ஊரு?"

"தாங்குற ஊருன்னு வச்சிருக்கு."

"எதுவரைக்கும் தாங்குவோம்னு கணக்கு?"

அறவாழி எழுந்து ஜன்னலையும் சாத்தினான். பிறகு, தான் சொல்லக்கூடாததைச் சொல்வதாகச் சொல்லிவிட்டுச் சொன்னான். இந்த ஐப்பசியோடு ஏழுமடைக்குப் பிரியும் கிளைக்குழாயையே தோண்டி எடுத்துவிடப் போகிறார்கள். குழாய் வேறு ஊருக்குத் தேவைப்படுகிறது. ஏழுமடைக்காரர்கள் மெல்ல மெல்லக் கிளம்பிப் போய்விடுவார்கள், ஒருவரும் கல்லெறிய மாட்டார்கள் என்று கணக்குப்பிள்ளை எழுதிவிட்டது. அதில் எந்த அதிகாரிக்கும் கோபமோ வஞ்சமோ இல்லை. அந்த ஊரைப் பற்றி எல்லோருக்கும் நல்ல அபிப்பிராயம்தான்.

ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முறையாக ஒரு மனு கொடுத்தால் என்ன என்று மங்களநாதன் கேட்டார்.

"மனு குடுக்குறவுகளை இன்னும் பொறுமைசாலின்னு எழுதிக்கும் மாமா." அறவாழி சிரிக்க முயன்றான், வரவில்லை. "குடத்தோட உக்காருங்க. ஆத்துப் பாலத்துல, பஸ் போக வழியில்லாம. மேலவீட்டு ஆளுக முன்னால இருக்கணும். அத்தை இருக்கணும். ஒருநாளும் வராதவுக வந்தா அதுக்குக் கணக்கு புரியாது. பயந்துடும்."

மேலவீட்டுப் பெண்ணைத் தெருவில் உட்காரவைக்கச் சொல்கிறாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்க நினைத்தது முகத்தில் தெரிந்தது. வேறொன்று கேட்டார். இது செய்தியில் வந்து நாலு ஊர் சிரிக்குமா என்றார். வராது என்றான் அறவாழி. ஓர் ஊர் மறியல் செய்தால் தள்ளியிருக்கும் ஊர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதும் கணக்குப்பிள்ளையின் வேலைதான். தெரிந்தால் பரவும் அல்லவா.

அந்த ஒரு வார்த்தையில் மங்களநாதனுக்கு மூச்சு வந்தது. எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டார். அறவாழி வாசல்வரை கூடவே வந்தான்.

"மாமா, இன்னொண்ணு. தண்ணி ஒண்ணும் புதுசாப் பொறக்கப் போறதில்ல. உங்களுக்கு வர்றது இன்னொரு..."

"போதும் மாப்ளே. வந்ததே அதிகம்."

தன் வீட்டு அவமானத்தைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை கேட்க அன்று அவருக்குத் தெம்பில்லை. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலேயே கிளம்பினார்.

ஊருக்கு வந்து பர்வதத்திடம் சொன்னபோது, அழுவாள் அல்லது மறுப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் பரணில் ஏறி, கல்யாணத்துக்கு வாங்கிய பித்தளைக் குடத்தை இறக்கினாள். கழுத்தில் மேலவீட்டுப் பெயர் வெட்டிய குடம். புளி போட்டுத் துலக்கத் தண்ணீர் இல்லாததால் சாம்பலால் தேய்த்தாள். இதை எதற்கு எடுக்கிறாய், பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கொண்டுபோ, பெயர் தெரிய வேண்டாம் என்றார் அவர்.

"பேரு தெரியணும்னுதானங்க போறோம்."

மகளுக்கு மட்டும் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகிழினி போன மாதம்தான் கைக்குழந்தையோடு புகுந்த வீடு திரும்பியிருந்தாள். சம்பந்தி வீட்டில் நம் பெயர் கெடக்கூடாது என்றார். பர்வதம் தலையை ஆட்டினாள்.

மறுநாள் வெயில் ஏறும் வேளையில் ஏழுமடைப் பெண்கள் பாலத்துக்கு வந்தார்கள். கீழே ஆறு என்ற பெயரில் மணல் கிடந்தது. பழக்கமில்லாத கூட்டம். எங்கே நிற்பது, எப்படி உட்காருவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோஷம் போடத் தெரியவில்லை. கல்யாணப் பந்தியில் இலைக்காகக் காத்திருப்பவர்களைப் போல ஓரமாக நின்றார்கள். பஸ்காரர் ஹாரன் அடித்ததும் பாதிப் பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். ரஞ்சிதம் தலையில் அடித்துக்கொண்டாள்.

மங்களநாதன் தூரத்தில், பாலத்தின் முனையில் ஒரு கருவேலமரத்தடியில் நின்றார். வருவேன், உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். பர்வதம் சாலை நடுவில் போய்க் குடத்தை வைத்தாள். உட்காரக் குனிந்தவள், தார் சுட்டதும் கையை வெடுக்கென்று எடுத்தாள். யாரும் பார்க்காதபடி சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

அவர் நடந்து போனார். எல்லோரும் பார்த்தார்கள். தோளில் இருந்த துண்டை எடுத்து, மடிப்பைப் பிரித்து, அந்தத் தாரில் விரித்தார். பர்வதம் அதில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் வெறுந்தாரில் உட்கார்ந்தார். அதன் பிறகு ஒருவரும் பஸ்ஸுக்கு வழிவிடவில்லை.

தலைக்கு மேலே ஒரு சிறிய பறக்கும் கேமரா வந்து நின்று இரைந்தது. கணக்குப்பிள்ளை பாக்குறான், மூஞ்சிய நல்லா வச்சுக்கங்கடி என்றாள் ரஞ்சிதம். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. ஜீப்பில் வந்த பெண் இன்ஸ்பெக்டர் இறங்கி, எந்த ஊர் என்று விசாரித்தார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏழுமடையா? உங்க ஊரைக் காட்டித்தான்யா மத்த ஊர்ல நான் சமாதானம் பேசுவேன். நீங்களுமா?"

அவர் அதட்டியிருந்தால் மங்களநாதன் தாங்கியிருப்பார். கம்பெடுத்திருந்தாலும் தாங்கியிருப்பார். அந்த 'நீங்களுமா' அவர் நெஞ்சில் முள் மாதிரி தைத்து நின்றது. பித்தளைக் குடத்தில் வெட்டியிருந்த தன் வீட்டுப் பெயரைப் பார்த்தபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் காலை குழாய்கள் இருமின. துருவைக் கக்கின. பிறகு தண்ணீர் வந்தது.

கம்பி மாதிரி வரவில்லை. குழாயடியில் வைத்த குடம் தடதடவென்று ஆடியது. இந்த ஊரில் பிறந்த சில பிள்ளைகள் அவ்வளவு தண்ணீரை முதல்முறையாகப் பார்த்துப் பயந்து அழுதன. அதற்கடுத்த நாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. கிளைக்குழாயைத் தோண்ட வந்திருந்த இயந்திரம், ஊர் எல்லையிலிருந்து சத்தமில்லாமல் திரும்பிப் போனது. ரஞ்சிதம் பள்ளிக்கூட அடுப்பில் உலை வைத்துவிட்டு, முதல் தட்டுச் சாம்பார் சாதத்தை மேலவீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். மாமாவிடம் சொல்லுங்கள், கௌரவத்தைவிடத் தண்ணீரில்தான் சோறு நன்றாக வேகிறது என்று சொல்லியனுப்பினாள். மங்களநாதன் அதைச் சாப்பிட்டார். தனக்கே தெரியாமல் கொஞ்சம் சிரித்தார்.

ஊர் வாசலில் தொங்கிய பலகையை மட்டும் தானே ஏணி வைத்துக் கழற்றினார். கழற்றிய இடத்தில் சுவர் வெளுத்திருந்தது. பலகையைத் துணியில் சுற்றிப் பரணில், பித்தளைக் குடம் முன்பு இருந்த மூலையில் வைத்தார். தண்ணீர் வந்துவிட்டது, ஊர் பிழைத்தது, நாளாக ஆக எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அறவாழி வாசலில் நின்று சொல்ல வந்து, தான் முடிக்க விடாத அந்த வாக்கியம் சில சமயம் நினைவுக்கு வந்தது. எழுந்து போய் வேறு வேலை பார்த்தார்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் மகிழினி கூப்பிட்டாள்.

குரல் வறண்டிருந்தது. குழந்தை எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்டார். தூங்குகிறான் என்றாள், ரொம்ப நேரமாகத் தூங்குகிறான் என்றாள். பின்கட்டில் பர்வதம் பெரிய தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீர் விழும் ஓசை வீடு முழுக்க நிறைந்திருந்தது.

"அப்பா, இங்க நாலஞ்சு நாளா தண்ணியே வரல. துளிகூட இல்ல. திடீர்னு நின்னுபோச்சு. ஏன்னு யாருக்கும் தெரியல."

ஏழுமடையில் குழாய் இருமிய நாளை அவர் எண்ண வேண்டியிருக்கவில்லை. தாங்குகிற ஊர்களில் அடுத்த ஊர், பூலாங்கண்மாய். அதே மேடை, பக்கத்து நாற்காலி, அதே பலகை.

"ஊர்ல எல்லாரும்..." என்று தொடங்கினார்.

"நீங்க கவலப்படாதீங்கப்பா. நேத்து அத்தையும் தெருக்காரவுகளும் குடத்தைத் தூக்கிட்டு ரோட்டுக்குக் கெளம்பிட்டாக. நான்தான் வாசல்ல நின்னு மறிச்சேன். எங்கப்பா ஊர்ல உசுரே போனாலும் அந்தப் பழக்கம் கெடையாதுன்னு சொன்னேன். அத்தை குடத்தை எறக்கி வச்சுட்டாக." வறண்ட குரலில் ஒரு பெருமை இருந்தது. அது அவருடைய குரல்தான். "எல்லாரும் உள்ள போயிட்டாகப்பா."

அவர் கை தானாக உயர்ந்து போனின் வாயைப் பொத்தியது. தாமதமாகிவிட்டது.

"அங்க என்னப்பா சத்தம்?" என்றாள். ஒருகணம் கேட்டாள். "மழையாப்பா?"

போ, உடனே குடத்தை எடுத்துக்கொண்டு போ, உன் அம்மாவே தாரில் உட்கார்ந்தாள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அவள் போவாள். போனால் அங்கே வரும். வருவது இன்னொரு ஊரிலிருந்துதான் வரும் என்பதும் இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வெயில் முற்றத்துக் கல்லை வெளுத்துக்கொண்டிருந்தது.

"மழைதாம்மா," என்றார் மங்களநாதன்.

"அப்ப இங்கயும் வந்துடும்பா," என்றாள் மகள்.

பின்கட்டில் தொட்டி நிரம்பி வழிந்தது. பர்வதம் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி சிரித்த முகமாக உள்ளே வந்து, மகிழினிதானே, என்னிடம் கொடுங்கள் என்று கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுக்காமல் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.